பிள்ளையை விழுங்கிய தெய்வமும் ஒரு விண்ணப்பப் படிவமும்

கிரேக்கர்களை நான் தேடிப் போகவில்லை. வேலை போனதால் வந்து சேர்ந்தார்கள். 2001 கடைசியில் டாட்காம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தபோது என்னுடையதும் மூடியது. கிரீன் கார்டு இருந்ததால் நாட்டைவிட்டு யாரும் துரத்தவில்லை. வீட்டைவிட்டுத்தான் துரத்தினாள் மனைவி. “பகல் பூரா நீங்க சோபால உக்காந்திருக்கறதைப் பார்த்தா எனக்குப் பைத்தியம் பிடிக்குது. லைப்ரரிக்காவது போங்களேன்.”

போனேன். சான் ரமோன் நூலகத்தில் கம்ப்யூட்டர் புத்தக அலமாரிக்கு முன்னால் ஏற்கெனவே நம்மவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். “சும்மா, ரெண்டு நாள் லீவு போட்டேன்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அந்தப் பொய்யை மூன்றாவது வாரமும் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் இரண்டு அலமாரி தள்ளிப் போய் நின்றேன். அது தத்துவம்.

கிரேக்கத் தத்துவம் இந்த வரிசையில் இருந்தது. கிரேக்கப் புராணம் அடுத்த வரிசையின் மறுகோடியில். நடுவில் பைபிளும் அதைச் சார்ந்த சகலமும். தத்துவக்காரர் ஒருவர் ஏதாவது ஒரு தெய்வத்தைத் திட்டுவார். அந்தத் தெய்வம் யார், என்ன செய்தது என்று பார்க்க நான் சுற்றிக்கொண்டு மறுகோடிக்கு நடப்பேன். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் அவர் அடுத்த தெய்வத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். ஒரே ஊர், ஒரே ஜனங்கள், ஒரே திருவிழா. இவர்களைக் கொண்டுபோய் எதிரெதிர்க் கோடியில் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. ஆறு மாதம் நடந்ததில் என் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போனது. தத்துவத்தால் எனக்குக் கிடைத்த நிச்சயமான பலன் அது ஒன்றுதான்.

இந்தக் கட்டுரையில் ஒரு கிரேக்கப் பெயர்கூட வராது. அடக்கத்தால் அல்ல. நான் எப்படி உச்சரித்தாலும் என் மகள் திருத்துவாள், அச்சில் வேறு திருத்தும்படி வைத்துக்கொள்ள விருப்பமில்லை. அதனால் இடியைக் கையில் வைத்திருக்கும் தேவராஜாவை இடிக்காரர் என்றும், நீதிமன்றத் தீர்ப்பின்படி விஷம் குடித்துச் செத்த ஞானியை விஷம் குடித்தவர் என்றும், அவர் பேசியதையும் பேசாததையும் எழுதிவைத்த மாணவரைச் சீடர் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன். இந்த மூன்று பேர் போதும்.

மகளுக்கு அப்போது பத்து வயது. படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் செரிக்காது. மனைவி கேட்க மாட்டாள். “நம்ம சாமிங்க கதையே எனக்குப் பாதி தெரியாது. இதுல அவங்க சாமியை வேற எதுக்கு இழுத்துட்டு வரீங்க?” என்று ரசம் ஊற்றிவிட்டுப் போய்விடுவாள். மிஞ்சியது மகள்தான். சாப்பாட்டு மேஜையிலிருந்து அவள் எழுந்து போக முடியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது.

அப்போது என்னிடம் ஒரு கொள்கை இருந்தது. மனிதன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கதை சொன்னான், மழை ஏன் பெய்கிறது என்றால் இடிக்காரரைக் காட்டினான். பிறகு கடலோர ஊர் ஒன்றில் ஒருவர், தெய்வங்களை விடுங்கள், எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றார். அந்த நிமிடம் மனிதன் பெரியவனானான், அதற்குப் பெயர் தத்துவம். இன்னொருவர் இன்னும் ஒரு படி மேலே போய், குதிரைக்குக் கை இருந்தால் குதிரை முகத்தோடுதான் சாமி படம் வரையும் என்றார். நம் ஊர்ப் பகுத்தறிவு மேடைகளில் இதை எத்தனையோ சத்தமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இத்தனை சிக்கனமாகச் சொல்லிக் கேட்டதில்லை. கதை என்பது கிளம்பிய ஊர், தத்துவம் என்பது வந்து சேர்ந்த ஊர். கடல் தாண்டி வந்து வீட்டுக்கடன் வாங்கியவனுக்கு இப்படி ஒரு கொள்கை இதமாக இருக்கும்.

மகள் எனக்குப் பதில் சொல்வது எப்போதும் ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் தருகிறேன். அதனால் அதன் கூர்மை கொஞ்சம் மழுங்கியிருக்கும். அது எனக்கு நல்லதுதான்.

“ஆனா அப்பா, உலகத்தைச் சுத்தி ஓடற பெரிய ஆறுதான் சாமிகளுக்கே அப்பான்னு போன வாரம் சொன்னீங்களே. அது கதை. இந்த ஆள் எல்லாம் தண்ணிங்கறாரு. அப்ப அவர் சாமியை எடுத்துட்டுத் தண்ணியை மட்டும் வச்சுக்கிட்டாரா?”

“சாப்பிடு” என்றேன்.

இன்னொரு நாள், கவிஞர்கள் பொய் சொல்கிறார்கள், ஊரைவிட்டு அனுப்ப வேண்டும் என்று சீடர் எழுதியதைச் சொன்னேன். அதே சீடர், வாதம் போக வேண்டிய தூரம் போய் நின்றதும், செத்துப் பிழைத்த ஒரு சிப்பாய் மேலுலகத்தில் பார்த்ததை விலாவாரியாகச் சொல்லித் தன் பெரிய நூலை முடிக்கிறார். “கதையே கூடாதுன்னுட்டு அவரே ஏன் சொல்றாரு?” என்றாள். நம் கோயில் மண்டபங்களில் உபன்யாசம் செய்பவர் ஆத்மாவைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார், பின் வரிசையில் ஆட்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் சட்டென்று ஒரு ராஜாவைக் கொண்டுவருவார், அதுபோலத்தான் என்றேன். அவளுக்கு அந்தப் பதில் திருப்தியில்லை என்பது முகத்தில் தெரிந்தது. குழந்தைக்கு ஆர்வம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த ஆர்வத்தை நான் ஒருவிதமாகத்தான் கணக்கில் வைத்திருந்தேன். நம் வீட்டுப் பிள்ளைகள் வயலின் கற்றுக்கொள்கிறார்கள், பரதநாட்டியம் ஆடுகிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ள அழகாக இருக்கும். வயலின் படித்த பெண் வயலின்காரியாகப் போகிறேன் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. என் பெண்ணுக்கு வயலினுக்குப் பதில் கிரேக்கம்.

2008 இலையுதிர் காலம். எனக்கு ஆறு வருடமாக வேறொரு கம்பெனியில் வேலை, அங்கேயும் மறுபடி ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் அட்டைப்பெட்டியோடு லிஃப்டில் இறங்குவார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் ஓட்ட, மனைவி பக்கத்தில், மகள் பின்சீட்டில்.

“அப்பா, மேஜர் முடிவு பண்ணிட்டேன்.”

“கம்ப்யூட்டர் சயின்ஸா, எலக்ட்ரிகலா?”

“க்ளாசிக்ஸ்.”

மனைவி திரும்பிப் பார்த்து, “அது என்னடி, மெடிக்கல் சைடா?” என்றாள்.

“பழைய கிரேக்கம், லத்தீன்மா. பாஷை, கதை, தத்துவம் எல்லாம் சேர்ந்தது.”

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்த பிறகுதான், ஃப்ரீவேயில் நான் நாற்பது மைலில் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது.

“மைனரா பண்ணு” என்றேன். நம் பெற்றோர்களின் சமாதானக் கொடி அது. மேஜர் என்கிற முக்கியப் பாடம் உருப்படியாக இருந்தால், எந்தப் பைத்தியக்காரத்தனத்தையும் மைனர் என்கிற துணைப்பாடமாகப் பண்ணிக்கொள்ளலாம்.

“மைனர் இல்லப்பா. மேஜர்.”

“படிச்சுட்டு?”

“தெரியாது.”

“தெரியாதுன்னா எப்படிம்மா? ஊரே வேலை இல்லாம நிக்குது. தெரியாதுன்னு ஒரு பதிலா?”

“விஷம் குடிச்சவர் அதையேதானே சொல்லிட்டிருந்தாரு? நீங்கதான் சொன்னீங்க, அதுதான் பெரிய பதில்னு.”

மனைவி என்னைப் பார்த்தாள். “என்னங்க, பேசாம வரீங்க?”

“நான் என்ன பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. ஏழு வருஷம் சோத்தோட சேர்த்துப் பிசைஞ்சு ஊட்டினீங்க. இப்ப உடம்புல ஒட்டிக்கிச்சு.”

மறுநாள் இதை என் கார்பூல் நண்பரிடம் புலம்பினேன். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், நான் அவரை பாய் என்பேன். சுனோல் மேட்டைத் தாண்டி நாங்கள் இருவரும் ஒரே காரில் வேலைக்குப் போவோம். கார்பூல் லேனில் போக இரண்டு தலைகள் வேண்டும். ஒரு தலை ஓட்டியது, ஒரு தலை பேசியது.

“தலைவரே, ஒரு விஷயம் கேக்கறேன்” என்றார். “ஆறு வருஷமா இந்த மேட்டுல ஏறி எறங்கறப்பல்லாம் கிரேக்கம் சொல்றீங்க. நான் ஒரு தடவையாச்சும் ரேடியோவைப் போட்டேனா?”

“இல்ல.”

“ஏன் போடல? மனுஷன் ஏதோ உசந்த விஷயம் சொல்றாரு, காதுல விழுந்தா நல்லதுன்னு இருந்தேன். இப்ப நீங்களே அது பொழப்புக்கு ஆகாதுங்கறீங்க. அப்ப என் ஆறு வருஷத்துக்கு என்ன பதில்?”

“உங்க பொண்ணு இப்படி வந்து நின்னா என்ன பண்ணுவீங்க பாய்?”

“நிக்க மாட்டா. நீங்க சொன்னதையெல்லாம் நான் கார்லயே விட்டுட்டு எறங்கிடுவேன். செருப்பை வாசல்ல விடற மாதிரி. நீங்க போட்டுக்கிட்டே உள்ள போயிட்டீங்க.”

அதற்குப் பிறகு வழி முழுக்க ரேடியோ போட்டார்.

அடுத்த மூன்று வாரம் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டாள். நான் மறுபடி பேசினேன். விண்ணப்பம் நவம்பர் முடிவதற்குள் இணையத்தில் போக வேண்டும். ஒரு பெட்டியை அழுத்தினால் பாடங்களின் பட்டியல் கீழே விழும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் மகளின் எதிர்காலம் அந்தப் பட்டியலில் சி எழுத்தில் இருந்தது. க்ளாசிக்ஸுக்குச் சற்றுக் கீழே கம்ப்யூட்டர் சயின்ஸ். நடுவில் சில வரிகள்தான். அந்தச் சில வரிகளை நினைத்து எனக்கு இரண்டு வாரம் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு என்ன, நம்மவர் வீடுகள் எல்லாவற்றிலும் படிவம் நிரப்புவது அப்பாவின் வேலை. விசா, கிரீன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பள்ளிக்கூடச் சேர்க்கை, பல் மருத்துவமனை. கறுப்பு மை, பெரிய எழுத்து, கட்டத்துக்கு வெளியே போகக் கூடாது. இந்த நாட்டில் நான் இருப்பதற்கு ஒரே காரணம் படிவங்களைப் பிழையில்லாமல் நிரப்பியதுதான் என்று இன்றுவரை நம்புகிறேன். அதனால் மகளின் விண்ணப்பக் கணக்கைத் திறந்தவனும் நான், அதற்குக் கடவுச்சொல் வைத்தவனும் நான். இதில் விசேஷம் ஏதும் இருப்பதாக அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நவம்பர் கடைசியில், தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் காலை அம்மாவும் பெண்ணும் கடைகளுக்குப் போயிருந்தார்கள். ஸ்பெல்லிங் பார்க்கலாம் என்று உள்ளே போனேன். நிஜமாகவே ஸ்பெல்லிங்தான். முதல் பக்கம், முகவரி சரி. இரண்டாம் பக்கம், பிறந்த தேதி சரி. மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது. சும்மா அழுத்திப் பார்த்தேன். பட்டியல் விழுந்தது. கை கொஞ்சம் கீழே போனது. சேமித்தேன்.

திருடியவனுக்குக்கூட நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றுமில்லை. ஒரு பிழையைத் திருத்திய நிம்மதிதான் இருந்தது. அவளுக்கே புத்தி வந்ததும் நன்றி சொல்வாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அடுத்த பக்கத்துக்குப் போனேன். அதில் அவளுடைய கட்டுரை இருந்தது. உன்னை உருவாக்கிய ஒன்றைப் பற்றி எழுது என்பார்கள், எழுத வேண்டும். அவள் என்னைப் பற்றி எழுதியிருந்தாள்.

அதன் சாரம் இது. என் அப்பா எனக்கு கிரேக்கக் கதைகள் எல்லாம் சொன்னார், ஒன்றைத் தவிர. இடிக்காரருடைய அப்பாவின் கதையை அவர் சொல்லவில்லை. பிள்ளைகளில் ஒன்று தன்னைக் கவிழ்த்துவிடும் என்று பயந்து, பிறந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்கிய தெய்வத்தின் கதை அது. கடைசிப் பிள்ளையை ஒளித்துவிட்டு, ஒரு கல்லைத் துணியில் சுற்றித் தாய் நீட்டுகிறாள். அதையும் பிள்ளை என்று நினைத்து அவர் விழுங்கிவிடுகிறார். பன்னிரண்டு வயதில் அதை நானே நூலகத்தில் கண்டுபிடித்தேன். அப்பா ஏன் இதை விட்டார் என்று யோசித்தேன். பிறகு பார்த்தால், பெரிய தத்துவ நூலில் சீடரும் முதலில் தடை செய்யச் சொல்வது இந்த மாதிரிக் கதைகளைத்தான். அப்பாக்களும் பிள்ளைகளும் அடித்துக்கொள்ளும் கதைகளைச் சிறுவர்களுக்குச் சொல்லக் கூடாது என்கிறார். என் அப்பா நல்லவர், பயந்தவர். தத்துவமும் என் அப்பாவும் ஒரே கதைக்குப் பயந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கதையில் எனக்கு மறக்காதது விழுங்கியது அல்ல. விழுங்கும் முன் அவர் துணியை விலக்கிப் பார்க்காதது.

படித்து முடித்தேன். ஸ்பெல்லிங் பிழை ஒன்றுகூட இல்லை.

நான் அந்தக் கதையைத் திட்டம் போட்டு விடவில்லை. அதைப் படித்த அன்று, சாப்பிடும் நேரத்தில் வேண்டாமே என்று தள்ளிவைத்தேன், பிறகு மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. போகட்டும். நல்ல மனிதன் என்ன செய்திருப்பான்? முந்தைய பக்கத்துக்குப் போய்ப் பெட்டியை மாற்றிவிட்டு எழுந்திருப்பான். நானும் முந்தைய பக்கத்துக்குப் போனேன். பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் வெளியே கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். அவ்வளவுதான் நான்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் அவள் விண்ணப்பத்தை அனுப்ப உட்கார்ந்தாள். நான் பேப்பர் படிப்பது போல் பக்கத்தில் இருந்தேன்.

“அப்பா, இதை நீங்க மாத்தினீங்களா?”

“எதை?”

“மேஜரை.”

“சிஸ்டத்துல ஏதாவது பக் இருக்கும்.”

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். பதினெட்டு வருடமாக அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்துச் சாப்பிடுகிறவன். பக் என்று ஒருவன் சொன்னால் அதை மறுபடி நிகழ்த்திக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அது பக் அல்ல. இதை நான் ஆபீசில் சொல்வதைவிட வீட்டில் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

அவள் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். “ரீப்ரொட்யூஸ் பண்ணிக் காட்டுங்க.”

பேப்பரை மடித்தேன். “நான்தான் மாத்தினேன்.”

மனைவி கரண்டியோடு வந்தாள். “என்னத்தை மாத்தினீங்க?”

“அவ எழுதினதை அழிச்சுட்டுக் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு போட்டேன்.”

அவள் எனக்குத் துணை நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். பெண்ணுக்கு வேலை கிடைக்காதே என்று என்னைவிட அதிகம் கவலைப்பட்டவள் அவள்தான். “அவளுக்குத் தெரியாமயா?” என்றாள். “இருபது நாளா நானும்தான் அவகிட்ட சண்டை போடறேன். மூஞ்சிக்கு நேரா போட்டேன். இது என்னங்க, திருட்டுத்தனம்?”

“அனுப்பறதுக்கு முன்னாடி சொல்லியிருப்பேன்.”

“எப்ப? இவ இன்னும் ரெண்டு நிமிஷத்துல அனுப்பியிருப்பா.”

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “சரி. நான் ஏன் கம்ப்யூட்டர் படிக்கணும்? ஒரு காரணம் சொல்லுங்க. கதை சொல்லாதீங்க, காரணம்.”

இதற்கென்ன, நூறு காரணம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

“டெக்சாஸ்ல, ஃபிரிஸ்கோல என் ஃப்ரெண்டு இருக்கானே, அவன் பையன் ஹிஸ்டரி படிச்சான். இப்ப மால்ல செல்போன் கவர் விக்கறான்.”

“கதை.”

“கம்ப்யூட்டர் படிச்சவன் பட்டினி கிடக்க மாட்டான்.”

“நீங்க ஆறு மாசம் லைப்ரரில இருந்தீங்க. உங்க ஆபீஸ்ல வாராவாரம் பெட்டியைத் தூக்கிட்டுப் போறவங்க என்ன க்ளாசிக்ஸா படிச்சாங்க? இதுவும் கதை.”

“உன் வயசுல எனக்கும் வேற ஆசையெல்லாம் இருந்தது. எங்கப்பா சொன்னாரு, இன்ஜினியரிங் சேர்ந்தேன். இன்னிக்கு இந்த வீட்டுல உக்காந்திருக்கேன்.”

“பெரிய கதை.”

நான்காவதாக ஒன்றைத் தேடினேன். இருபது நாள் பேசியிருக்கிறேன், ஏழு வருடம் வாதம் செய்வது எப்படி என்று படித்திருக்கிறேன், கையில் ஒரு காரணம் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் யாரோ ஒருவருடைய பையன். ஒருவன் நன்றாக இருந்தான், அதனால் நீயும் அதைச் செய். இன்னொருவன் கெட்டுப்போனான், அதனால் நீ அதைச் செய்யாதே. இப்படிப் படித்தால் வரம், அப்படிப் படித்தால் சாபம்.

“உங்க சீடருக்கும் காரணம் தீர்ந்துபோகும்” என்றாள். “விஷம் குடிக்கிற அன்னிக்கு விஷம் குடிச்சவர் உட்கார்ந்து, செத்த பிறகு ஆன்மா எங்கெல்லாம் போகும்னு ஒரு பெரிய கதை சொல்றாரு இல்ல? முடிச்சுட்டு, இது அப்படியே இப்படித்தான் இருக்கும்னு புத்தியுள்ளவன் அடிச்சுச் சொல்ல மாட்டான், ஆனா நம்பிப் பார்க்கலாம்ங்கற மாதிரி ஒண்ணு சொல்றாரு. கதைன்னு ஒத்துக்கிட்டு நம்பறாரு. எனக்கு அதுதான் ரெண்டுக்கும் இருக்கற சம்பந்தம்னு தோணுது. கதையை விட்டுட்டு வந்தா தத்துவம் இல்ல. இது கதைன்னு சொல்லிட்டுச் சொன்னா தத்துவம். நீங்க சொல்லவே மாட்டேங்கறீங்க.”

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? என் கொள்கை போனதில் அல்ல. இது எனக்குத் தோன்றாமல் போனதில். அதே புத்தகம், அதே நூலகம், நான் அவளுக்கு ஏழு வருடம் முன்னால் படித்தவன்.

“சரி, நீ சொல்லு பார்க்கலாம்” என்றேன். “க்ளாசிக்ஸ் ஏன் படிக்கணும்? காரணம் சொல்லு. கதை வேண்டாம்.”

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். மனைவியும் நானும் காத்திருந்தோம். அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டது, யாரும் போகவில்லை.

“எங்கிட்டயும் இல்ல” என்றாள். “அந்தப் புத்தகத்தைத் தொறந்தா மூடப் பிடிக்கல. அது காரணமான்னு தெரியல.”

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் தோன்றியது. ஜெயித்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டியல் விழுந்தது, கை மேலே போனது. பிறகு வேறொரு பக்கத்துக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றினாள். நான் பார்க்காமல் இருக்க உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பல் எனக்கு அவள் சொன்ன எல்லாவற்றையும்விட உறைத்தது.

“அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்பெல்லிங் பார்த்துடறேனே.”

“வேண்டாம்பா.”

அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு லிவர்மோரில் மனைவி மகள் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். எந்தப் பாடத்துக்கு என்று அர்ச்சகர் கேட்கப்போவதில்லை, பெயரும் நட்சத்திரமும்தான். பகுத்தறிவுக்காரனான நானும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். விஷம் குடித்தவர்கூடக் கடைசி மூச்சில், வைத்தியத் தெய்வத்துக்கு ஒரு சேவல் பாக்கி இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்றுதான் நண்பனிடம் சொன்னார். வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டவருக்கே ஒரு நேர்த்திக்கடன் இருந்திருக்கிறது. எனக்கு இருந்த சிக்கல் வேறு. கிடைக்கட்டும் என்று கேட்க மனம் வரவில்லை. கிடைக்கக் கூடாது என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. தீபாராதனை முடிந்துவிட்டது. விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தேன்.

2009 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நானே அட்டைப்பெட்டியோடு லிஃப்டில் இறங்கினேன். அடுத்த மாதம் அவளுக்கு இடம் கிடைத்தது. க்ளாசிக்ஸ்தான். நல்ல கல்லூரி, அதற்கு மேல் எனக்குக் குறை சொல்ல இடமில்லை. அதுவே ஒரு குறையாக இருந்தது. நான் வாழ்த்தினேன். அவள் தேங்க்ஸ்பா என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கடவுச்சொல் இன்னும் இருந்தது.

கோடையில், நான் இன்னும் வேலை தேடிக்கொண்டிருந்தபோது, அவள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், தெரிந்தவர் வீட்டில் பாட்லக். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோய் எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவது. நாங்கள் லெமன் ரைஸ். கொல்லைப்புறத்தில் ஆண்கள் வட்டமாக நின்றிருந்தோம். ஃப்ரீமான்ட்டிலிருந்து வந்த ஒருவர், பெரிய கம்பெனியில் டைரக்டர், என் தோளில் கை போட்டார்.

“பொண்ணு காலேஜ் போறாளாமே. என்ன எடுத்திருக்கா?”

இந்தக் கேள்விக்கு நான் மார்ச்சிலிருந்து ஒரு பதில் வைத்திருந்தேன். லா ஸ்கூல் போறதுக்கு முன்னாடி எல்லாரும் இப்ப இதைத்தான் எடுக்கறாங்க. யாரும் சொன்னதில்லை, நானே உண்டாக்கியது. நாலைந்து பேரிடம் சொல்லி, அவர்கள் தலையாட்டி, எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்ட பதில். வாயைத் திறந்தேன். மகள் காகிதத் தட்டோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் சாப்பிடவில்லை.

“பழைய கிரேக்கம் படிக்கப் போறா” என்றேன்.

“ஓ. அதை வச்சு?”

“தெரியாது.”

“இல்ல, அப்புறம் லா, எம்.பி.ஏ, அந்த மாதிரி ஏதாவது...”

“ஒண்ணும் இல்லைங்க. கிரேக்கம்தான். அதுக்கப்புறம் என்னன்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

சிக்கன் வறுக்கும் அடுப்புப் பக்கம் இரண்டு பேர் நகர்ந்தார்கள். மகள் வடையைக் கடித்தாள். டைரக்டர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

“கவலைப்படாதீங்க” என்றார். “எங்க கம்பெனில ஏதாவது ஓப்பனிங் வந்தா சொல்றேன்.”

எனக்கா, அவளுக்கா என்று நான் கேட்கவில்லை.